கையில்லாத ஆறு நாற்காலிகள்

என் சித்தி இருபத்தெட்டு வருஷமாகப் பஸ் கண்டக்டர். இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவள் எத்தனை பேரை உட்கார வைத்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. கைக்குழந்தையோடு ஏறுகிறவளுக்கு, தடி ஊன்றி வருகிறவருக்கு, தலை சுற்றுகிறது என்று சொல்லும் பள்ளிக்கூடப் பெண்ணுக்கு, "கொஞ்சம் எந்திரி ராசா, நீ கம்பியப் பிடிச்சா கம்பிக்குத்தான் பெருமை" என்று யாரையாவது கிளப்பி இடம் வாங்கித் தந்துவிடுவாள். அவள் மட்டும் நிற்பாள். பின்படிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு இருக்கை உண்டு. அதில் எப்போதும் யாருடைய மூட்டையாவது உட்கார்ந்து பயணம் செய்யும்.

வீட்டிலும் அதே கதைதான். அடுப்புக்குப் பக்கத்தில் தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மணியைப் பார்த்துக் கிளம்பிவிடுவாள். சித்தப்பா அதற்கு நேர் எதிர். அவர் டைலர். காலையில் மெஷினுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாரென்றால், நூல்கண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனால்தான் எழுந்திருப்பார். "எங்க வீட்டுல உக்கார்ற டிபார்ட்மென்ட் என்னோடது, நிக்கிற டிபார்ட்மென்ட் கண்டக்டரம்மாவோடது" என்பார். அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான், கண்டக்டரம்மா. அவளுக்குக் கோபம் வந்தால் பதிலுக்கு "டைலரே" என்பாள். பிள்ளைகள் இல்லை. சித்தப்பாவின் முக்காலி, ஒரு கட்டில், குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் மணை. ஒரு மனிதர் உட்காரக்கூடிய இடம் அந்த வீட்டில் இவ்வளவுதான். நாற்காலி என்று ஒன்று வாங்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே கிடையாது.

இந்த வருஷம் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாறினார்கள். முன்பு இருந்தவர்கள் ஒரு சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அது கதவு வழியாக வெளியே போகவில்லை. எப்படி உள்ளே வந்தது என்று கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பா அதன்மேல் துணி வெட்டத் தொடங்கினார். சித்தி அதைச் சுற்றிக்கொண்டு போய் வந்தாள்.

சித்தியும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அம்மா மூத்தவள். இரண்டு பேரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. இதைச் சண்டை என்று சொல்லவும் வாய் வரவில்லை. சண்டை என்றால் இரண்டு பக்கமும் நாலு வார்த்தை இருக்க வேண்டும். இதில் இருந்ததே மூன்று வார்த்தை, அதுவும் ஒரு பக்கம்.

அது என் அண்ணனின் கல்யாணம். சித்திக்கு லீவு கிடைக்கவில்லை. டூட்டி முடிந்த கையோடு யூனிஃபார்மும் தோளில் பையுமாக மண்டபத்துக்கு ஓடிவந்தாள். உள்ளே எள் போட்டால் எண்ணெய் எடுக்கிற கூட்டம். யாரோ ஒருவர், "ஏம்ப்பா, பொண்ணோட சின்ன மாமியாருக்கு ஒரு சேர் கொண்டா" என்று குரல் கொடுத்தார். அம்மா அப்போது பத்துப் பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "விடுங்க, அவளுக்கு நின்னே பழக்கம்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அது உதட்டோடு நின்றுவிட்டது. அரை மணி நேரம் தூணோரமாக நின்றாள். பிறகு கை நனைக்காமல் போய்விட்டாள்.

சாயந்தரம் பந்தியில் தங்கையைத் தேடியபோதே அம்மாவுக்கு விஷயம் உறைத்துவிட்டது. நாளைக்குப் போன் பண்ணலாம் என்றாள். அந்த நாளை தள்ளிக்கொண்டே போயிற்று. நான் மட்டும் சித்தி வீட்டுக்குப் போய்வருவேன். எங்கே போய்வந்தாய் என்று அம்மா கேட்க மாட்டாள். தெரியும் என்பதால்.

போன திங்கட்கிழமை காலையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சித்தி வீடு மாத்திட்டாளாமே?"

"ம்."

"எத்தனாவது மாடி?"

"மூணு."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு."

"இருக்கறது சரி. ஓடுதா?"

"ஓடுதும்மா. மெதுவா."

இன்னும் இரண்டு வெங்காயம் உரிபட்டது.

"ஞாயித்துக்கிழமை நீ வெட்டியாத்தானே இருக்க? அப்பாவையும் கிளம்பச் சொல்லு. ஒரு எட்டு போயிட்டு வந்துரலாம்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயம்தான். நானாக ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே சித்தியின் பஸ்ஸில் ஏறினேன். அது ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. "வாடா ஊமைக்கோட்டான்" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வண்டி கிளம்ப இரண்டு விசில் கொடுக்க வேண்டும், நிறுத்த ஒன்று. நின்றிருந்த பஸ்ஸுக்கு அவள் ஒரே ஒரு விசில் கொடுத்தாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "நின்னுக்கிட்டுத்தாம்மா இருக்கு. இதுக்கு மேல எப்படி நிறுத்தறது?" என்றார்.

சித்திக்கு எதுவும் காதில் விழவில்லை. "எதுலடா உக்கார வைப்பேன் அக்காவ?" என்றாள். "கட்டில்லயா? அந்த முக்காலியிலயா?"

சித்தி பயந்தது அம்மா வருவதற்காக இல்லை. வந்த வேகத்தில் எழுந்து போய்விடுவாளோ என்றுதான். பத்து நிமிஷம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, "சரி, நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டால் அந்த ஆறு வருஷம் பதினாறு ஆகிவிடும். இரண்டாவது தடவை வர அம்மாவுக்குத் தெம்பு இருக்காது. இது சித்திக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எத்தனை நாற்காலி வேணும் சித்தி? அம்மா, அப்பா, நான், நீங்க ரெண்டு பேரு. அஞ்சு."

"ஆறு."

"ஆறாவது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. ஒண்ணு காலியா இருக்கணும். நெரிசலா இருக்கற வண்டியில உக்காந்திருக்கறவங்களுக்கே எப்படா எறங்குவோம்னு இருக்கும். பக்கத்துல ஒரு சீட்டு காலியா இருந்துச்சுன்னா பையை வச்சுக்கிட்டு நிம்மதியா வருவாங்க."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். கால் தரையில் படாதவர்கள் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே எழுந்துவிடுவார்களாம். குள்ளமானவர்கள், வயசானவர்கள், எல்லோரும். இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவர்கூட மாறியதில்லை. "கால் தொங்கிக்கிட்டே இருந்தா உடம்பு உக்காந்த கணக்குல சேர்றதில்லடா. உங்கம்மா எவ்வளவு உயரம்? என் தோள் வரைக்கும்தானே வருவா? அவளுக்குக் கால் தரையில படணும். முழங்கால் மடியற எடத்துலேர்ந்து தரை வரைக்கும் எவ்வளவுன்னு எனக்கு வேணும்."

"நான் எப்படி சித்தி அளக்கறது?"

"டைலர் கிட்ட டேப் வாங்கிக்கிட்டுப் போ."

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலியில் அம்மா உட்காரும்போது காலுக்குக் கீழே ஒரு பழைய பலகையைப் போட்டுக்கொள்வாள். நாற்காலியின் உயரத்தில் பலகையின் கனத்தைக் கழித்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அம்மா குளிக்கப் போன சமயம் பார்த்து மேசைக்கு அடியில் புகுந்தேன். பதினெட்டு அங்குலம். பலகை இரண்டு. எழுதிக்கொள்வதற்குள் தலைக்கு மேலே குரல் கேட்டது.

"என்னடா தேடற?"

"பேனா விழுந்துருச்சு."

"பேனாவ டேப் வச்சா தேடுவாங்க?"

நான் டேப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை சித்திக்கு வார லீவு. டிப்போவுக்குப் பின்னால் ஒரு கிடங்கில் பழைய சாமான்களும் புதிய சாமான்களும் விற்கிற கடை இருந்தது. உள்ளே ஒரு நூறு நாற்காலியாவது இருக்கும், முதுகைக் காட்டியவை, கவிழ்ந்தவை, ஒன்றின் மடியில் ஒன்று ஏறி உட்கார்ந்தவை. ஆள் இல்லாத நாற்காலிகள் நூறு ஒரே இடத்தில் இருந்தால் யாரோ பேசி முடித்துவிட்டுப் போன இடம் மாதிரி ஒரு அமைதி வந்துவிடுகிறது. கடைக்காரர் மூக்கின் நுனியில் கண்ணாடி போட்டவர். நாற்காலிகளுக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிற பழக்கம் உள்ளவர்.

"இவரு நூறு வயசைத் தாண்டினவரு" என்று செதுக்கு வேலை செய்த கறுத்த நாற்காலி ஒன்றைக் காட்டினார். "இவரைத்தான் ஆன்டிக்னு சொல்றது. இதோ, இவங்க விண்டேஜ். நம்ம அப்பா அம்மா காலத்து ஆளுங்க. அறுபது எழுபது வயசு, ஆனா உறுதி. அந்தப் பக்கம் நிக்கறானே, கம்பிக் காலும் பலகை முதுகுமா, அவன் மாடர்ன். போன மாசம் வந்தான்."

"அப்ப நான் விண்டேஜுக்குக் கிட்ட வந்துட்டேன்னு சொல்லுங்க" என்றாள் சித்தி.

"சேச்சே, உங்களுக்கு இன்னும் நாள் இருக்கும்மா. கை வச்சதா பாக்கறீங்களா, கை இல்லாததா?"

"கை வேணாம். கை இருந்தா அதை ஊணிக்கிட்டு எந்திரிச்சுருவாங்க."

அவர் நாற்பது வருஷமாக வியாபாரம் செய்கிறவர். இப்படி ஒரு காரணத்தைக் கேட்டதில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. "மேசைக்குக் கை இல்லாததுதான் சரி" என்று மட்டும் சொல்லிவைத்தார். "உள்ள தள்ளி வைக்கலாம், இடமும் அடைக்காது. உக்காந்து பாருங்க."

"வேணாம். பிடிச்சாலே தெரிஞ்சுரும்."

சித்தி வரிசையின் நடுவில் நடக்க ஆரம்பித்தாள். இடுப்பைக் கொஞ்சம் ஒருக்களித்து, வலது கையால் ஒவ்வொரு நாற்காலியின் மேல்விளிம்பையும் பற்றி, விட்டு, அடுத்ததைப் பற்றி. தரை நிலையாகத்தான் இருந்தது. அவள் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டு போனாள். செதுக்கு வேலை செய்த ஆன்டிக்கைத் தொட்டதும், "பூவெல்லாம் உள்ளங்கையில குத்துது" என்று விட்டாள். மாடர்ன் ஒன்று முதுகு தணிவு, கைக்கு எட்டவில்லை. கடைசியில் ஏதோ பழைய அலுவலகத்திலிருந்து வந்த, உயரமான ஏணி முதுகு வைத்த விண்டேஜ் நாற்காலிகள் ஆறு ஒரே மாதிரியாக நின்றன. மேல்கட்டை உருண்டையாக, வழவழவென்று, கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த ஆறும்" என்றாள்.

எனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது, அளவை எடுத்துப் பார்க்கலாமே என்று. டேப் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவள் சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. கடைக்காரர், "பிடிக்கலைன்னா சனிக்கிழமைக்குள்ள மாத்திக்கலாம்" என்று தானாகவே சொன்னார். அவருக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும்.

சாயந்தரம் சித்தப்பா பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, ஆறு நாற்காலியும் கூடத்தில் இருந்தன. மேசையைச் சுற்றி இல்லை. இரண்டிரண்டாக மூன்று வரிசை, எல்லாம் ஜன்னலைப் பார்த்து, நடுவில் ஒரு ஆள் நடக்க வழி. சித்தி வேண்டுமென்று அப்படிப் போடவில்லை. இறக்கி வைத்தவள் கை பழக்கத்தில் வைத்திருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் அப்போது வித்தியாசமாகத் தெரியவில்லை.

சித்தப்பா வாசலில் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றினார். நேராகப் போய்க் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்து, பட்டன் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு டிக்கெட் குடும்மா. கடைசி ஸ்டாப்."

சித்தி திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று பேருமாகச் சிரித்துக்கொண்டே நாற்காலிகளை மேசைக்கு இழுத்துப் போட்டோம். பிறகு சித்தப்பா தொழில்முறையில் உட்கார்ந்தார். அதாவது இடுப்பை உள்ளே தள்ளி, சாய்ந்து, தோளைத் தளர்த்தி, கண்ணை மூடி. ஒரு நிமிஷம் ஆகவில்லை, நெளிய ஆரம்பித்தார்.

"முதுகுல ஏணி ஏறுது கண்டக்டரம்மா. உயரம் பத்தொம்போது இருக்கும் போலிருக்கே. எனக்கே குதிகால் தூக்குது. உங்கக்காவுக்கு ஊஞ்சல்தான், கால் ஆடும்." மேல்கட்டையைத் தடவிப் பார்த்தார். "நல்ல மரம். ஆனா இது உக்கார்றதுக்கு இல்ல. பிடிச்சுக்கிட்டு நிக்கறதுக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று அவருக்கே தெரிந்தது. சித்தியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ உக்காந்து பாத்தியா?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"இல்ல."

"ஆறுல ஒண்ணுலகூடவா?"

"தோணவே இல்லங்க." அவள் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். கையை எடுத்தாள். "அக்கா சொன்னது சரிதான் போல. எனக்கு நின்னேதான் பழக்கம்."

சித்தப்பா மடியிலிருந்த பட்டன் பையை மேசைமேல் வைத்தார்.

"சரியா இருந்தா மட்டும் அத்தனை பேர் நடுவுல சொல்லலாமா? எனக்குக்கூடத்தான் தொந்தி. அதுக்காக மைக்குல சொன்னா பொறுத்துக்குவேனா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன பண்றது டைலரே?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை நானும் வர்றேன். நாற்காலி வாங்கப் போறப்ப வீட்டுல இருக்கற ஒரே நிபுணரை விட்டுட்டுப் போனா இப்படித்தான்."

வெள்ளிக்கிழமை சித்திக்குக் காலை டூட்டி. முடித்துவிட்டு அப்படியே வந்தாள். ஆறு ஏணி முதுகுகளையும் ஒரு சின்ன வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனோம். கடைக்காரர் அவற்றைப் பார்த்து, "வந்துட்டீங்களா, வாங்க வாங்க" என்று நாற்காலிகளைத்தான் முதலில் வரவேற்றார்.

சித்தப்பா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தார். ஒரு நாற்காலியின் குணம் ஒரு நிமிஷத்தில் தெரியாது, பத்து நிமிஷம் போக வேண்டும் என்பது அவர் கட்சி. துணிக்கடையில் நின்றுகொண்டு போட்டுப் பார்க்கிற கால்சட்டை மாதிரிதானாம், உட்கார்ந்தால்தான் வண்டவாளம் தெரியும். கடைக்காரர் முதல் மூன்று வரைக்கும் கூடவே நின்றார். பிறகு தன் கணக்குப் பெட்டியண்டை போய்ச் செய்தித்தாளை விரித்துவிட்டார்.

"நீயும் உக்காரு" என்றார் சித்தப்பா.

சித்தி ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"அடுத்த ஸ்டாப்புல எறங்கறியா?"

"ஏங்க, எனக்கு இதுக்கு மேல தெரியல."

"பையைக் கீழ வை. முதுகைக் கொடு. அது உன்னைத் தாங்கத்தான் அங்க இருக்கு, கொடுத்துப் பாரு."

அவள் சாய்ந்தாள். அது வளைத்த மரத்தில் செய்த விண்டேஜ், முதுகு வில் மாதிரி ஒரே வளைவு. சித்தி கொஞ்ச நேரம் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தபோது அவள் கண் மூடியிருந்தது. தூங்கவில்லை. "ம்" என்றாள், யாரும் எதுவும் கேட்காமலே.

அதிலேயே ஜோடியாக இன்னொன்று இருந்தது. இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்தோம். மாடர்னில் அகலமான பலகை இருக்கை வைத்தவை இரண்டு. சித்தப்பா உட்கார்ந்து, "முகம் கொஞ்சம் உம்முனு இருக்கு, மனசு நல்ல மனசு" என்று சான்றிதழ் கொடுத்தார். ஆன்டிக் பக்கம் வந்ததும் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். பிரம்பு பின்னிய இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார், தொய்வு இருந்தால் விரல் கீழே போகுமாம். கவிழ்த்து அடிப்பக்கம் மாவு உதிர்கிறதா என்று பார்க்கச் சொன்னார், உதிர்ந்தால் பூச்சி உள்ளே குடித்தனம் செய்கிறது. பழைய உடம்பில் புதிய திருகாணி பளபளத்தால் எங்கேயோ விழுந்து அடிபட்டவர் என்று அர்த்தம். சித்தி பூ குத்தாத முதுகாக, பிரம்பு இருக்கையோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"எல்லாம் வேற வேற ரகமா இருக்கேம்மா" என்றார் கடைக்காரர், தன் வியாபாரத்துக்கே எதிராக. "ஒரே செட்டா வேணாமா?"

"ஏறுறவங்க எல்லாம் ஒரே மாதிரியாவா இருக்காங்க?"

சித்தப்பா இடையில் வந்தார். "உக்கார்ற உயரம் ஒண்ணா இருந்தாப் போதுங்க. அஞ்சு பேருக்கு அஞ்சு துணியில சட்டை தைக்கலாம், வரிசையா நின்னா கீழ்விளிம்பு ஒரே கோட்டுல இருக்கணும், அவ்வளவுதான். மேசை முப்பது, நாற்காலி பதினெட்டு. நடுவுல பன்னெண்டு. கை தன்னால மேல வரும்." இதுவரை எடுத்து வைத்த ஐந்தையும் நான் அளந்தேன். அரை அங்குலம் முன்பின்னாக எல்லாம் பதினெட்டு.

"அக்காவோடது?" என்றாள் சித்தி.

பதினாறு அங்குலத்தில் அந்தக் கிடங்கில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அளந்தாகிவிட்டது. அப்போது கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளறையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார். முன்பு எடுத்த ஆன்டிக்கின் கூடப் பிறந்தது, அதே முதுகு, அதே பிரம்பு. ஆனால் தணிந்திருந்தது.

"இவருக்குக் கால்ல ஒரு குறை" என்றார், நாற்காலிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "எங்கயோ ஈரத் தரையில நின்னு கால் நுனி அழுகிப்போச்சு. யாரோ நாலையும் ரெண்டங்குலம் அறுத்துட்டாங்க. விவரம் தெரிஞ்சவங்க வாங்க மாட்டாங்க. நானும் வெளிய வைக்கறதில்ல."

நான் டேப்பை வைத்தேன். பதினாறு.

சித்தி அதன் முதுகைப் பிடிக்கவில்லை. குனிந்து, முன்காலைத் தரையோடு சேர்த்து அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை. "இவருதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மூன்று தடவை புடவை மாற்றினாள். அப்பா இரண்டு தடவை "கிளம்பலாமா?" என்று கேட்டு, மூன்றாவது தடவை கேட்கும் தைரியம் இல்லாமல் இருந்தார். லிஃப்ட் நிஜமாகவே மெதுவாகத்தான் ஏறியது. அதற்குள் அம்மா இரண்டு முறை கைக்குட்டையை மடித்துப் பிரித்தாள்.

கதவைத் திறந்தது சித்தப்பா. அவருக்குப் பின்னால் சித்தி.

"வாங்க மாமா" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அது சுலபம். பிறகு, "வா அக்கா."

"ம்" என்றாள் அம்மா. "வீடு நல்லா வெளிச்சமா இருக்கு."

ஆறு நாற்காலியும் மேசையைச் சுற்றி இருந்தன. சித்தி நேராகப் போய் அந்தத் தணிந்த ஆன்டிக்கை வெளியே இழுத்தாள்.  "இதுல உக்காரு."

அம்மா நாற்காலியைப் பார்த்தாள். மற்ற ஐந்தையும் பார்த்தாள். அது மட்டும் இரண்டு அங்குலம் அமுங்கி இருப்பதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பேனா கெடச்சுதா?" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா அதில் உட்காரவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு போய், பலகை இருக்கை வைத்த மாடர்ன் ஒன்றை இழுத்தாள். ஏறி உட்கார்ந்தாள். கால் தொங்கியது. சித்தியின் முகம் விழுந்துவிட்டது, சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். ஆறு நாள் பாடு. அடுத்த கணம் அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, ஒரு காலைத் தூக்கி மடித்தாள், இன்னொரு காலையும் தூக்கி மடித்தாள். அந்த அகலமான இருக்கையில் சம்மணம் போட்டு, தரையில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கை இல்லாததுனால தோதா இருக்குடி" என்றாள். "எங்க வீட்டுல இருக்கறது எல்லாம் கை வச்சது. முட்டி இடிக்கும். அதனாலதான் அந்தப் பலகையைப் போட்டுக்கிட்டு அவதிப்படறேன்."

யாரும் இதை நினைத்துப் பார்க்கவில்லை. டேப்பில் இதற்கு அளவும் இல்லை.

சித்தி சாப்பாட்டை மேசையில் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. அவள் மட்டும் கரண்டியோடு நின்றாள்.

"நீ உக்காரு" என்றாள் அம்மா.

"இருக்கட்டும் அக்கா. நீங்க எல்லாம் சாப்பிடுங்க, எனக்கு..."

"பழக்கம்னு சொல்லிடாத." அம்மாவின் குரல் உயர்ந்தது, உடனே தணிந்தது. "அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும், உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னே இருந்துட்டேன். இந்த மூணு மாடி ஏறி வர எனக்கு ஆறு வருஷம் ஆயிருச்சு."

 அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"லிஃப்ட் மெதுவாத்தான் அக்கா வருது" என்றாள்.

முதலில் சிரித்தது சித்தப்பா. பிறகு அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. சித்தி பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அந்தத் தணிந்த ஆன்டிக். அவள் நல்ல உயரம். முழங்கால் மேலே வந்து, முழங்கை மேசைக்கு எட்ட ஏறி, பெரியவர்கள் பந்தியில் உட்கார வைத்த பிள்ளை மாதிரி இருந்தாள். மாற்றி உட்காரச் சொன்னார் சித்தப்பா. அவள் கேட்கவில்லை. முதுகைச் சாய்த்து, தட்டை இழுத்து, சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். அவள் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சாப்பிட்ட கை காய்ந்து போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. ஆறு வருஷத்துப் பேச்சை இரண்டு பேரும் ஒழுங்கில்லாமல், முன்னும் பின்னுமாகப் பேசினார்கள். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் பல் கட்டிக்கொண்டார்கள், என் அண்ணியின் சமையல் எப்படி, அந்த மூக்கு நீண்ட ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சொட்டை எந்த அளவுக்கு வந்திருக்கிறது. நடுவில் நாற்காலிகளைப் பற்றியும் தகராறு வந்தது. ஒரே செட்டாக வாங்கியிருக்கலாம் என்றாள் அம்மா. "உனக்குத் தெரியாது அக்கா, சும்மா இரு" என்றாள் சித்தி. "எனக்கா தெரியாது?" என்றாள் அம்மா. காதுக்கு அவ்வளவு சுகமான தகராறு.

காலியாக இருந்த ஆறாவது நாற்காலியில் அம்மாவின் கைப்பை உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வெயில் மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது. அப்பா வளைமர நாற்காலியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்.

"நாளைக்கு உனக்கு எந்த ட்ரிப்?" என்று அம்மா திடீரென்று கேட்டாள்.

"காலையில எட்டேகாலுக்கு ஸ்டாண்டுல எடுப்போம். ஆஸ்பத்திரி வழியா. ஏன்?"

"எனக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வேலை இருக்கு. கண்ணைக் காட்டணும்."

"கண்ணா? போன மாசம்தானே காட்டி, புதுக் கண்ணாடி..." என்று ஆரம்பித்தார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்தாள். புதுக் கண்ணாடி வழியாகத்தான். அப்பா பக்கத்தில் இருந்த தம்ளரை எடுத்து, மீதி வாக்கியத்தைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினார்.

"எட்டு மணிக்கே வந்துரு அக்கா" என்றாள் சித்தி. "அதுக்கப்புறம் கூட்டமாயிரும், உக்கார எடம் கெடைக்காது."